மரச்சீனிக்குக் கறி என்ன?

அய்யா துணை

திருவட்டாறு
8.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கனி எழுதுவது. நானும் மகள் ஆதிராவும் சுகம். நீங்களும் சுகம் என்று நேற்றுப் போனில் சொன்னீர்கள். ஆனால் சொன்னது நீங்கள்தானா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

சிரிக்காமல் வாசியுங்கள். போன வாரம் நம் வைகுண்டராஜன் அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தால் பெங்களூரில் இருக்கிற அவர் மகனுடைய குரல். "அப்பா, என்னைப் போலீஸ் பிடிச்சிட்டுது, காப்பாத்துங்கப்பா" என்று ஒரே அழுகை. பாவம் மனுஷன், உடுத்த லுங்கியோடு சட்டைகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்ட் வரை ஓடிவிட்டார். பெங்களூருக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அண்ணி பின்னாலேயே ஓடி வந்து, "எங்க போறீய? அவன் ராத்திரியே லீவுல வந்து மாடியில கெடந்து உறங்குகான்" என்று சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

குரலையே திருடுகிறார்களாம். அதற்கும் ஒரு மிஷின் வந்துவிட்டதாம். கையெழுத்தை இன்னும் எவனும் திருடவில்லை. உங்கள் 'ழ' வாலைச் சுழற்றிக் கொண்டுபோய் அடுத்த வரியில் குத்துமே, அதை எந்த மிஷினும் எழுதாது. போனில் நாம் பேசுவதும் சாப்பிட்டியா, உறங்கினியா, கேக்குதா, கேக்கல்லியா, அதோடு சிக்னல் போய்விடும். இனி முக்கியமான விஷயம் எல்லாம் கடிதத்தில்தான். கல்யாணமான புதிதில் மஸ்கட்டிலிருந்து எழுதுவீர்களே, அதைப் போல எழுதுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கும் இந்த எரப்பாளிகளின் போன் வர ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஒரு பேங்க்காரன். நம் மாவு மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்த நேரம். "மேடம், ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க கார்டு இன்னிக்கு பிளாக் ஆயிடும்" என்றான். "கேக்கல்ல, மிஷினு ஓடுகு, சத்தமாச் சொல்லும்" என்றேன். சத்தமாகச் சொன்னான். "இன்னும் சத்தமா" என்றேன். தொண்டை கிழியக் கத்தினான். மாவுக்கு வந்து நின்றவர்கள் எல்லோரும் டின்னைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஓடிபி நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் என்றான். சுவரில் கரண்ட் மீட்டர் இருக்கிறதல்லவா, அதில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். தப்பு என்றான். திரும்ப வாசித்தேன். அதற்குள் மீட்டர் ஓடி நம்பர் மாறிவிட்டது! "அப்பவே வேற சொன்னீங்களே மேடம்" என்று அழாத குறை. பிறகு அவனுக்கு விஷயம் பிடிபட்டது. "ஏம்மா, இப்படி மனுஷன ஏமாத்தறீங்களே, மனசாட்சி இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டானே பார்க்கலாம்!

எனக்கு வந்ததே ஒரு கோபம். திருட வந்தவன் என்னிடம் மனசாட்சி கேட்கிறான். "ஏலே, ஒனக்க வீட்டுல கஞ்சி வைக்க அரிசி இல்லேன்னா வந்து கேளு, அள்ளித் தாறேன். களவுக்கு வந்துட்டு எனக்கிட்ட நியாயம் பேசுதியா?" என்று தொடங்கினேன். அவன் போனை வைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை என்று, கூட நின்று மாவு அள்ளிக்கொண்டிருந்த பிந்து சொன்னாள்.

அடுத்தவன் போலீஸ். சாதாரணப் போலீஸ் இல்லை, சிபிஐயாம். வீடியோவில் வந்தான். தொப்பி எல்லாம் உண்டு. "உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உள்ளே போதைப்பொருள்" என்றான். "நான் அனுப்பினது ஒரே பார்சலு. எனக்க வீட்டுக்காரருக்கு மரச்சீனி வத்தலு" என்றேன். "மர... சீனி? வெள்ளைப் பவுடரா?" என்றான். "பவுடரு இல்ல, கிழங்கு. மண்ணுக்குள்ளேருந்து பிடுங்கி, தோலு உரிச்சு, அவிச்சு..." என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அவன் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ இந்தியில் கேட்கிறான். திரும்பி வந்து, "இது என்ன கோட் வேர்டு? உண்மையைச் சொல்லுங்க!" என்று அதட்டுகிறான். மரவள்ளிக்கிழங்கு தெரியாத சிபிஐ!

என்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்துவிட்டானாம். கேமரா முன்னாலிருந்து அசையக் கூடாதாம். "நான் அசையாம நின்னா மாவ நீ வந்து அள்ளுவியா?" என்று கேட்டுவிட்டு, போனை மிளகாய் மிஷினைப் பார்க்க வைத்துவிட்டு என் சோலியைப் பார்த்தேன். பிந்து போய் அதன் முன்னால் நின்று, "சாரே, எனக்க கெட்டினவனுக்க பைக்கு களவு போயி கொறே நாளாச்சு. நிங்க பெரிய போலீஸுதானே, அத ஒண்ணு கண்டுபிடிச்சுத் தாங்க சாரே" என்று கும்பிட்டாள். வெரிஃபை பண்றோம் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பாதி, ஆத்திரம் பாதி. நம் மில்லுக்கு வருகிற எத்தனை பேர் இப்படிப் பயந்து போய்க் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார்களோ. இவனுகளை எல்லாம் பிடித்துக் காந்தாரி மிளகாய் அரைக்கிற அன்று மில்லுக்குள் போட்டுப் பூட்ட வேண்டும்.

ஆவணித் திருநாளுக்குச் சாமிதோப்பில் அய்யாவைக் கும்பிடப் போக வேண்டும். கொடியேற்றுக்கு முன்னால் வந்துவிடுவீர்கள்தானே? டிக்கெட் போட்டாச்சா?

உங்கள்
கனி



அய்யா துணை

ஜெய்சல்மேர்
17.6.2025

அன்புள்ள கனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கவரைப் பார்த்ததும் பதறிவிட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? ஆபீஸ் பையன் கொண்டுவந்து கொடுக்கும்போது கோர்ட் நோட்டீஸ் கொடுப்பது போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தான்.

ரூமில் சத்தமாக வாசித்தேன். டிஜோ கட்டிலிலிருந்து கீழே விழாத குறை. டிஜோவைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா, களியக்காவிளைப் பையன், பங்குனியில் வந்து சேர்ந்தான், என் ரூமில்தான் இருக்கிறான். நல்ல பையன். எங்கள் மேனேஜரைப் போல, சமையல்காரனைப் போல, என்னைப் போலக்கூடப் பேசிக் காட்டுவான். "மரச்சீனி கோட் வேர்டு" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். வத்தல் முழுவதையும் அவன்தான் தின்று தீர்த்தான்.

இங்கே காற்று நம் ஆரல்வாய்மொழிக் காற்று போல இல்லை. நெருப்புக் காற்று. மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கரண்ட் எடுக்கிற காத்தாடிகளுக்கு நல்லது, மனிதனுக்குத்தான் கஷ்டம். போன வாரம் மாக் ட்ரில் நடத்தினேன். தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்க, யாருக்கும் சொல்லாமல் சைரனை ஊதிவிடுவேன். அதுதான் முறை. முன்கூட்டியே சொன்னால் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள், பிறகு டிரில்லில் என்ன அர்த்தம்? டிஜோ குளித்துக்கொண்டிருந்தவன் துண்டோடு ஓடி வந்தான். மேனேஜர் ஓடவே இல்லை, சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஃபெயில் என்று எழுதினேன். சேஃப்டி சூப்பர்வைசர் என்றால் சும்மாவா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அதட்டுகிறவனை நீ சமாளித்துவிடுவாய். உன் வாய்க்கு முன்னால் எவன் நிற்பான்? ஆனால் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வருகிறவன்தான் ஆபத்து. இங்கே எங்களோடு வேலை செய்கிற ஒருவருடைய மனைவி, பெயர் வேண்டாம், ராங் நம்பர் என்று வந்தவனிடம் மரியாதைக்குப் பேச ஆரம்பித்தாள். கடைசியில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவனோடு போய்விட்டாள். அந்த மனிதர் இப்போது யாரோடும் பேசுவதில்லை. நீயோ வெள்ளந்தி. யார் அழுதுகொண்டு வந்தாலும் உட்கார வைத்துச் சாயா போட்டுக் கொடுப்பாய். அதனால் சொல்கிறேன்.

ஆவணிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன்.

அன்புடன்
உன் அத்தான்
குமாரதாஸ்



அய்யா துணை

திருவட்டாறு
26.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. 'ழ' அதே 'ழ'தான். சந்தோஷம். ஆனால் அந்த 'ழ'வை வைத்துக்கொண்டு இப்படியா எழுதுவது?

நான் வெள்ளந்தியா? நீங்கள் மஸ்கட், குஜராத், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகக் காத்தாடி சுற்றிக்கொண்டிருக்க, இந்த மில்லை நடத்தியது யார்? மாவில் கல் கிடக்கிறது என்று சண்டைக்கு வந்தவனை, பெல்ட் அறுந்ததும் ஏமாற்றப் பார்த்த மெக்கானிக்கை, ஆதிராவுக்கு நர்சிங் சீட் தருகிறேன் என்று வந்த புரோக்கரை, இவர்களை எல்லாம் யார் பார்த்தது? வெள்ளந்தியாம்! வாயில் வந்ததை எழுதிவிட்டுக் கோபப்படாதே என்று வேறு ஒரு வரி.

அந்தப் பெண்ணின் கதையை எனக்கு எதற்கு எழுதினீர்கள்? அவள் போனதற்கு அவளுக்கு என்ன காரணமோ. என்னிடம் அதைச் சொல்வதற்கு உங்களுக்கு என்ன காரணம்?

சரி, விடுகிறேன். திருவிழாவுக்கு வருகிறவரிடம் சண்டை வேண்டாம்.

முந்தாநாள் ஒரு கரண்ட்காரன் போன் செய்தான். "பில் கட்டல, இன்னைக்குச் சாயங்காலம் உங்க கனெக்ஷன் கட் ஆயிடும்" என்றான். இங்கே காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஒரு மரம் விழுந்து லைன் கிடக்கிறது. மில் நின்றுபோய், வறுத்த அரிசியோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு மண்டை காய்கிறது. "கட் பண்ணுததுக்கு மொதல்ல கரண்டக் குடும் மக்களே! எப்பம் வரும்? அதச் சொல்லும்!" என்று பிடித்துக்கொண்டேன். அவன் லிங்க் அனுப்புகிறேன் என்கிறான். "லிங்கு வேண்டாம், லைன்மேன அனுப்பும்" என்கிறேன். அவன் விடப் பார்க்கிறான், நான் விடவில்லை. வைத்துவிட்டான். நான் திரும்ப அந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். என்னை பிளாக் செய்துவிட்டான்! கேட்டீர்களா, திருடன் என்னை பிளாக் செய்துவிட்டான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை நன்றாகப் பெய்கிறது. வீட்டுக்குப் பின்னால் விளையில் மரச்சீனி நன்றாகக் கிழங்கு விழுந்திருக்கிறது. வத்தல் போட வெயில்தான் இல்லை.

உங்கள்
கனி



ஜெய்சல்மேர்
5.7.2025

கனிக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

'வேறு விசேஷம் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். நன்றாக யோசித்துப் பார். வேறு யாரும் உனக்குப் போன் செய்யவில்லையா?

இதற்கு நீ பதில் எழுதி, அது வந்து சேர்ந்து, நான் திரும்ப எழுதி, அதுவரை என்னால் அடக்கிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன். கரண்ட்காரனுக்கு ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது. பேங்க்காரன் சொன்னது, நீ சொன்னது, பிந்து சொன்னது எல்லாம் எழுதத் தெரிகிறது. ஆனால் அடுப்பில் மரச்சீனியை வேக வைத்துவிட்டு, எவனோ ஒருவனிடம் அரை மணிநேரம் நின்று பேசியதை மட்டும் எழுத மறந்துவிட்டது, இல்லையா? ஒரு நாள் இல்லை, திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறாய். சாப்பிட்டாச்சா என்று அவனைக் கேட்டிருக்கிறாய்.

நான் இங்கே தீயில் நிற்கிறேன் கனி. காலையில் டவருக்குக் கீழே நின்று ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதும் என் மனசு அங்கேதான் கிடக்கிறது. மறைக்க வேண்டிய ஒன்று இல்லை என்றால் ஏன் மறைத்தாய்? புருஷனுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

பதில் எழுது. சண்டை போட்டு எழுதாதே. உள்ளதை எழுது.

குமாரதாஸ்



அய்யா துணை

திருவட்டாறு
14.7.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மில்லில் வைத்துத்தான் வாசித்தேன். பாதியில் மிஷினை நிறுத்திவிட்டேன். பிந்து, என்னக்கா, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டாள். ஆமாம், எனக்க வீட்டுக்காரருக்கு என்றேன்.

நீங்கள் 'அய்யா துணை' போட மறந்துவிட்டீர்கள். அதை முதலில் பார்த்தேன். பிறகு 'மரச்சீனி' என்ற சொல்லைப் பார்த்தேன்.

அத்தான், அன்று அடுப்பில் மரச்சீனி வெந்ததை நான் உங்களுக்கு எழுதவில்லை. போனில் சொல்லவில்லை. பிந்துவுக்குத் தெரியாது, ஆதிரா ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். அதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். யாரிடம் பேசினேன் என்கிறீர்களோ, அவனிடம்.

உள்ளதை எழுது என்றீர்கள். எழுதுகிறேன், கேளுங்கள்.

பேர் அரவிந்த் என்றான். கோயம்புத்தூரில் டைல்ஸ் கடையாம். முதல் நாள், மன்னிக்கணும் மேடம், ராங் நம்பர் என்றான். நான் வைக்கப் போனேன். "எங்க அம்மா நம்பரும் இதே மாதிரிதான் மேடம், கடைசி நம்பர்தான் வேற. அவங்க இறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பழக்கத்துல கை தானாப் போயிடுது" என்றான். குரல் உடைந்தது. தாய் செத்த பிள்ளையிடம் போனை வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாச்சா மக்களே என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். இனியும் கேட்பேன். அடுத்து ஒரு நாள் மழை பெய்கிறதா என்று கேட்டான். பெய்கிறது என்றேன். அதற்குப் பிறகு வந்த போனில்தான், "அடுப்புல மரச்சீனி வேகுகு, சீக்கிரம் சொல்லும்" என்றேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மரச்சீனிக்குக் கறி என்ன?" என்றான்.

அன்று எனக்கு உறைக்கவில்லை. மத்திச் சாளை மீன் என்று பதிலும் சொன்னேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தலையில் இடி விழுந்தது. அந்தப் போலி சிபிஐக்கு மரச்சீனி கோட் வேர்டு. கோயம்புத்தூர் டைல்ஸ் கடைக்காரன் மட்டும் மரச்சீனி என்றால் என்ன என்று ஏன் கேட்கவில்லை? கேட்காதது மட்டுமில்லை, கறி என்ன என்று கேட்கிறான்! மரச்சீனிக்குக் கறி என்ன என்று கேட்கிறவன் களியக்காவிளைக்கும் தோவாளைக்கும் நடுவிலே, நம் கன்னியாகுமரி ஜில்லாவில் பிறந்தவன். உங்கள் ரூமில் கட்டில் போட்டு, என் வத்தலைத் தின்று தீர்த்தவன்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அது டிஜோதானா? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா? கதை வேண்டாம். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். அவன் கடைசியாக ஒன்று கேட்டான். நான் ஒரு பதில் சொன்னேன். சொன்ன பிறகு போனை வைத்துவிட்டு நான் தனியாக நின்று சிரித்தேன். இந்த வயதில் வெட்கமாக இருந்தது. அவனைப் பற்றி எழுதினால் அந்தப் பதிலையும் எழுத வேண்டும். கடிதத்தில் எதற்கு, திருவிழாவுக்கு வரும்போது நேரில் சொல்லலாம், உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அதுதான் நான் மறைத்தது.

கனி



அய்யா துணை

ஜெய்சல்மேர்
22.7.2025

என் அன்புக் கனிக்கு,

ஆமாம். டிஜோதான். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவன்மேல் கோபப்படாதே. நான்தான் சொன்னேன். புது சிம் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவன் முதலில், வேண்டாம் அண்ணே, பாவம் என்றான். அம்மா இறந்துபோன கதையை மட்டும் அவனாகச் சேர்த்துவிட்டான். அதைக் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கனி, இதை ஒரு மாக் ட்ரில் என்று நினைத்துக்கொள். அவ்வளவுதான். அந்த மனிதரின் மனைவி போனதிலிருந்து இங்கே ரூமுக்கு ரூம் அதே பேச்சு. ஒவ்வொருவனும் ஊருக்குப் போன் செய்துவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 'சோதிக்காத எதையும் நம்பாதே' என்று எங்கள் ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து என் புத்தி இப்படிப் போய்விட்டது. நீ ஜெயிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஜெயித்ததும் போனை வாங்கி, கனி, நான்தான் என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

ஆனால் நான் கடைசிவரை இருக்கவில்லை. டிஜோ அந்தக் கேள்வியைக் கேட்டான். நீ உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அந்த நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். மணலில் நின்றேன். திரும்பி வந்தபோது டிஜோ போனை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா சொன்னாள் என்றேன். "அத நான் சொல்ல மாட்டேன் அண்ணே, அக்காக்கிட்டயே கேளுங்க" என்றான். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். இன்றுவரை சொல்லவில்லை. அவன் அப்படித் தலையைக் குனிந்ததைத்தான் நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் உன் கடிதத்திலும் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றதும் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

என்னை மன்னித்துவிடு. அந்தப் பதிலை எனக்குச் சொல். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நீ தாங்கலில் கும்பிட்டுவிட்டு வந்து மில்லைத் திறக்கிற நேரத்துக்கு, என் நம்பரிலிருந்து, என் குரலில் கூப்பிடுகிறேன். எடு கனி.

உன்
அத்தான்



அய்யா துணை

திருவட்டாறு
4.8.2025

குமாரதாஸ் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் கூப்பிட்டீர்கள். தாங்கலிலிருந்து வந்து, நெற்றியில் நாமம் காய்வதற்கு முன்னாலேயே போன் அடித்தது. உங்கள் நம்பர்தான். உங்கள் குரல்தான். "கனி, நான்தான்" என்றீர்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். புட்டுமாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கா, அந்த எரப்பாளிகளா என்று பிந்து கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாக் ட்ரில்லாம்! நான் என்ன, காத்தாடியா? என் கையையும் காலையும் திருகிப் பார்த்து, சுற்றுகிறதா நிற்கிறதா என்று நோட்டம் பார்க்க நீங்கள் யார்? அங்கே சைரனை ஊதுகிறீர்கள், ஓடி வருகிறார்கள், பிறகு இது வெறும் டிரில்தான், எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்று சொல்கிறீர்கள் அல்லவா? சாயா குடித்த மேனேஜருக்குக்கூட அந்த மரியாதை உண்டு. எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் பாதியில் எழும்பிப் போனீர்கள். போய் மணலில் நின்றுகொண்டு எனக்கு ஃபெயில் போட்டீர்கள். அதோடு விட்டீர்களா? உள்ளதை எழுது என்று எனக்கு மிரட்டல் கடிதம் வேறு. அந்தப் போலி சிபிஐக்காரனும் அதைத்தான் கேட்டான், உண்மையைச் சொல்லுங்க என்று. அவனிடமாவது நான் பிந்துவை ஏவிவிட்டேன். உங்களிடம் யாரை ஏவுவது?

அந்தத் திருட்டுப் பயல்கள் என்னிடம் எடுக்கப் பார்த்ததை நான் கொடுக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் திருடர்கள் என்று எனக்குத் தெரியும். தாய் செத்துவிட்டாள் என்று அழுதவனிடம் ஏமாந்தேன். ஏமாந்ததில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. டிஜோவின் அம்மா களியக்காவிளையில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாள். விசாரித்துவிட்டேன். அவளை உயிரோடு கொன்ற பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பையனாவது போனவாரம் கூப்பிட்டு, அக்கா என்னச் செருப்பால அடிங்க என்று அழுதான். உண்மையாகவே அழுதான், எனக்கு வித்தியாசம் தெரியும். நன்றாகக் கொடுத்தேன். கொடுத்து முடித்து, சாப்பிட்டாச்சா என்றும் கேட்டேன். அவன் கணக்கு தீர்ந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதுதான் உங்களுக்குத் தாங்கவில்லையா? நான் ஏன் சொல்லவில்லை தெரியுமா? மரச்சீனி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. போனை மேடையில் போட்டுவிட்டுப் பானையை இறக்கி, தண்ணீரை வடித்து, கையைச் சுட்டுக்கொண்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் அந்த நேரம். கல்யாணமாகி இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய உங்களுக்கு, ஒரு பானை மரச்சீனி வடிக்கிற நேரம் பொறுக்க முடியவில்லை.

திருவிழாவுக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஆதிராவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு அப்பா அப்பாதான். வந்தால் வீடு திறந்துதான் கிடக்கும், சோறும் இருக்கும். சாமிதோப்புக்கும் சேர்ந்தே போவோம். ஊர் முன்னால் உங்களை நான் தலைகுனிய விட மாட்டேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பழையபடி எப்போது சிரிப்பேன் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்காதீர்கள். யாரையும் விட்டுக் கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

டிஜோ சொல்ல மாட்டேன் என்ற அந்தப் பதிலை நேரில் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். இனி நேரில் சொல்ல என் வாயில் அது வராது. அதனால் எழுதிவிடுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள்.

"உங்க ஹஸ்பெண்ட் அவ்வளவு தூரத்துல இருக்காரே மேடம், அவருக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"எனக்க ஆளு இந்தக் கேள்விய எனக்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல மக்களே. கேக்கவும் மாட்டாரு" என்று சொன்னேன்.

முத்துக்கனி